ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்தும் பாடும் ஆம்ப்ளிஃபயர்: கடை டெமோவை எந்த அளவுக்கு நம்பலாம்?

"பாருங்க சார்... ரெண்டு ஒயரையும் ஒண்ணா சேர்க்கிறேன். ஒண்ணும் ஆகாது!"

ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போன பலரும் இந்த வசனத்தைக் கேட்டிருப்பார்கள். ஸ்பீக்கர் டெர்மினலின் குறுக்கே ஸ்க்ரூ டிரைவரை வைப்பார் கடைக்காரர். 'பட்'டென்று ஒரு பொறி பறக்கும். பாட்டு நிற்கும். ஸ்க்ரூ டிரைவரை எடுத்ததும் மறுபடி பாட ஆரம்பிக்கும். பார்ப்பவர் மனதில், 'அட, கெட்டியான பொருளா இருக்கே' என்ற எண்ணம் விழுந்துவிடும். இதே காட்சி இப்போது யூடியூபிலும் வாட்ஸ்அப் வீடியோக்களிலும் சுற்றுகிறது.

வீட்டில் பாட்டு கேட்பவருக்கு ஆம்ப் போனால் ஒரு செலவு. ஆனால் கடன் வாங்கி மைக் செட் போட்டிருக்கும் சவுண்ட் சர்வீஸ்காரருக்கு, கோயில் கொடை அன்று ராத்திரி ஆம்ப் ஊமையானால் வாடகையும் போச்சு, அடுத்த வருஷ ஆர்டரும் போச்சு. அதனால் இந்தக் கேள்வி முக்கியமானது. அந்தப் பொறி பறக்கும் டெமோ உண்மையில் எதை நிரூபிக்கிறது? எதை நிரூபிக்கவில்லை? விரிவாகப் பார்க்கலாம்.

ஷார்ட் ஆனால் உள்ளே என்ன நடக்கும்?

ஸ்பீக்கருக்கு 4 ஓம், 8 ஓம் என்று ஒரு எதிர்ப்பு உண்டு. ஆம்ப் அனுப்பும் கரண்ட்டை அளவோடு வைத்திருப்பது அதுதான். இரண்டு ஒயரும் ஒட்டிக்கொண்டால் அந்த எதிர்ப்பு கிட்டத்தட்ட காணாமல் போகும்.

ஒரு கணக்கு பார்ப்போம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுக்கும் ஆம்ப், முழு பவரில் சுமார் 28 வோல்ட் வெளியே தருகிறது. கரண்ட் சுமார் 3.5 ஆம்பியர். அதே நேரத்தில் ஒயர் ஷார்ட் ஆகி, வழியில் 0.2 ஓம் மட்டும் மிஞ்சியிருந்தால் கணக்குப்படி 140 ஆம்பியர் ஓட வேண்டும். அவ்வளவு கரண்ட்டை அந்த ஆம்பால் தரவே முடியாது. தர முயற்சிக்கும்போதே உள்ளே இருக்கும் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் போய்விடும்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. கரண்ட் கூடாவிட்டாலும் ஷார்ட் ஆபத்துதான். 100 வாட் ஆம்புக்குள் பவர் சப்ளை ஒரு பக்கத்துக்கு 45 வோல்ட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாட்டு உச்சத்தில் இருக்கும் நொடியில் 40 வோல்ட் ஸ்பீக்கரில் விழும், மிச்சம் 5 வோல்ட்தான் டிரான்சிஸ்டரில் விழும். 5 ஆம்பியர் ஓடினால் டிரான்சிஸ்டர் தாங்க வேண்டியது 25 வாட் சூடு. ஷார்ட் ஆனால்? ஸ்பீக்கர் இருந்த இடம் காலி. 45 வோல்ட்டும் டிரான்சிஸ்டர் தலையில் விழும். அதே 5 ஆம்பியரிலேயே சூடு 225 வாட். அதாவது 9 மடங்கு.

நம்மூர் ஆம்ப் போர்டுகளில் அதிகம் பார்க்கக்கூடிய 2எஸ்சி5200 டிரான்சிஸ்டரை எடுத்துக்கொள்வோம். அதன் தாங்கும் அளவு 150 வாட். அதுவும் டிரான்சிஸ்டரின் உடல் 25 டிகிரி செல்சியஸில் இருக்கும்போதுதான். உடல் 75 டிகிரிக்குச் சூடேறினால் தாங்கும் அளவு 90 வாட்டாக இறங்கிவிடும். அதனால் 225 வாட் என்பது சில கணங்களுக்குத் தாங்கலாம். சில நொடிகள் நீண்டால் கதை முடிந்தது.

டிரான்சிஸ்டர் போகும்போது பெரும்பாலும் 'ஒட்டிக்கொண்டு' போகும். அதாவது திறந்த கேட் மாதிரி ஆகிவிடும். அடுத்து ஸ்பீக்கரைக் கோத்தால் 45 வோல்ட் டி.சி. நேராக வாய்ஸ் காயிலுக்குப் போகும். காயிலின் எதிர்ப்பு 6 ஓம் என்றால் 7.5 ஆம்பியர், 300 வாட்டுக்கும் மேல், இடைவிடாமல். காயில் கருகும், புகையும். ஆம்ப் ரிப்பேர் செலவோடு ஸ்பீக்கர் செலவும் சேரும்.

நிஜத்தில் ஷார்ட் எப்படி வருகிறது?

யாரும் வேண்டுமென்று ஸ்க்ரூ டிரைவர் வைப்பதில்லை. ஆனால் ஷார்ட் பல வழிகளில் வரும்.

* டெர்மினலில் ஒயரை முறுக்கும்போது ஒரே ஒரு கம்பி இழை பிரிந்து பக்கத்து டெர்மினலைத் தொடுவது
* பந்தலில் ஓடும் ஒயர் மேல் வண்டி ஏறி, உறை கிழிந்து உள் கம்பிகள் ஒட்டிக்கொள்வது
* ஜாக் பின்னைப் பாட்டு ஓடும்போதே சொருகி எடுப்பது (சில வகை ஜாக்குகள் உள்ளே போகும்போது ஒரு கணம் ஷார்ட் ஆகும்)
* ஸ்பீக்கர் காயில் கருகி உள்ளேயே ஒட்டிக்கொள்வது
* மழையில் நனைந்த ஜாயின்ட்

இவற்றில் ஒரு பொது அம்சம் இருக்கிறது. பெரும்பாலும் ஆம்ப் பல மணி நேரம் ஓடிச் சூடாக இருக்கும்போது, வால்யூம் ஏற்றி வைத்திருக்கும்போது, கவனிக்க ஆள் பக்கத்தில் இல்லாதபோது இது நடக்கும். ஷார்ட் அரை நொடியில் தானாக விலகாது. பாட்டு நின்றதை யாராவது கவனித்து, ஒயரைத் தேடிப் பிடிக்கும் வரை அப்படியே இருக்கும். கடை டெமோவை எடை போட இந்தக் காட்சியைத்தான் மனதில் வைக்க வேண்டும்.

'புரொடெக்‌ஷன் இருக்கு' என்றால் எந்த புரொடெக்‌ஷன்?

இந்த ஒரு வார்த்தைக்குள் பல விஷயங்கள் இருக்கின்றன.

*ஃபியூஸ்:* தீப்பிடிக்காமல் காப்பாற்றும். ஆனால் டிரான்சிஸ்டரைக் காப்பாற்றும் வேகம் பெரும்பாலும் அதற்கு இல்லை. 'ஃபியூஸைக் காப்பாத்த டிரான்சிஸ்டர் முதல்ல உயிரை விடும்' என்பது மெக்கானிக்குகள் மத்தியில் பழைய கிண்டல்.

*கரண்ட் லிமிட்:* கரண்ட் ஒரு அளவைத் தாண்டாமல் பிடித்து நிறுத்தும் சர்க்யூட். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 8 ஆம்பியரில் பிடித்து நிறுத்தினாலும் ஷார்ட்டில் 45 வோல்ட் பெருக்கல் 8, அதாவது 360 வாட் சூடு. சின்னத் தட்டலைத் தாங்கும். நின்று நிலைத்த ஷார்ட்டைத் தாங்குமா என்பது வேறு கேள்வி.

*வோல்ட்டேஜ், கரண்ட் இரண்டையும் பார்க்கும் லிமிட்:* டிரான்சிஸ்டர் மேல் வோல்ட்டேஜ் அதிகமாக இருக்கும்போது கரண்ட்டை இன்னும் கீழே இறக்கிவிடும். மேலே சொன்னதைவிட நல்ல முறை. மோசமாக அமைத்தால் சாதாரண ஸ்பீக்கரிலேயே குறுக்கிட்டு, பாஸ் அடிக்கும்போது சத்தம் கரகரக்கும்.

*ரிலே:* பிரச்சினையைக் கண்டதும் ஸ்பீக்கர் இணைப்பைத் துண்டிக்கும். 'டிக்' என்று சத்தம் கேட்கும். எல்லா ரிலேவும் ஷார்ட்டுக்காக வைத்ததல்ல. பல ஆம்ப்களில் அது டி.சி. வந்தால் ஸ்பீக்கரைக் காப்பாற்ற மட்டும் இருக்கும்.

*நிறுத்தி, மறுபடி முயலும் முறை:* கிளாஸ்-டி ஆம்ப்களில் பரவலாக உண்டு. ஷார்ட் தெரிந்ததும் அவுட்புட்டை நிறுத்தும். சிறிது இடைவெளி விட்டு மறுபடி முயலும். ஷார்ட் இருந்தால் மறுபடி நிறுத்தும்.

*வெப்பத் தடை:* சூடு ஒரு அளவைத் தாண்டினால் ஆஃப் ஆகும். ஹீட் சிங்க்கில் ஒட்டிய சென்சார், சூட்டை உணரச் சில நொடிகள் எடுக்கும். டிரான்சிஸ்டருக்குள் இருக்கும் சிலிக்கான் சில்லோ அதற்குள் கொதித்துவிடும். அதனால் இது மட்டும் ஷார்ட்டுக்குப் போதாது.

ஆக, "புரொடெக்‌ஷன் இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் "இருக்கு" என்பார்கள். "எந்த வகை? ஷார்ட்டுக்கா, டி.சி-க்கா, சூட்டுக்கா?" என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

டெமோவில் கவனிக்க வேண்டிய 7 விஷயங்கள்

எல்லா டெமோவும் ஏமாற்று வேலை அல்ல. பல கடைக்காரர்கள் தாங்கள் காட்டுவதை மனதார நம்பித்தான் காட்டுகிறார்கள். ஆனால் பார்ப்பவர் இவற்றைக் கவனிக்க வேண்டும்.

*1. பாட்டு ஓடுகிறதா?*

இன்புட்டில் சிக்னல் இல்லாதபோது நல்ல ஆம்பின் அவுட்புட்டில் கிட்டத்தட்ட 0 வோல்ட்தான் இருக்கும். அப்போது இரண்டு ஒயரையும் சேர்த்தால் ஓடுவதற்குக் கரண்ட்டே இல்லை. புரொடெக்‌ஷன் என்ற பேச்சே இல்லாத ஆம்பும் இந்தச் சோதனையில் பாஸ் ஆகிவிடும். அமைதியாக இருக்கும் ஆம்பை ஷார்ட் செய்து காட்டுவது, ஓடாத ஃபேனில் கை வைத்துக் காட்டுவது மாதிரி.

*2. வால்யூம் எங்கே இருக்கிறது?*

பேச்சுச் சத்த அளவில் பல ஸ்பீக்கர்களுக்கு 0.1 வாட்டே போதும். 8 ஓமில் அது 0.9 வோல்ட் மட்டுமே. வழியில் 0.7 ஓம் ஒயர் இருந்தால் ஷார்ட்டில் ஓடுவது வெறும் 1.3 ஆம்பியர். 100 வாட் ஆம்ப் தினமும் தரும் கரண்ட்டைவிட இது குறைவு. டெமோவின்போது வால்யூம் பட்டன் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கடையில் நின்று சாதாரணமாகப் பேச முடிகிறது என்றால், அது கடுமையான சோதனை அல்ல.

*3. எத்தனை நொடி?*

ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டுத் தொட்டு எடுப்பது பார்க்கப் பயங்கரமாக இருக்கும், பொறியும் பறக்கும். ஆனால் ஒவ்வொரு தொடலும் ஒரு நொடியில் சின்னப் பங்கு. தாளத்தின் அடிக்கும் அடிக்கும் நடுவே தொட்டிருந்தால் அந்த நேரத்தில் சிக்னலே குறைவாக இருந்திருக்கும். 10 நொடி, 20 நொடி அப்படியே வைத்துக் காட்டுகிறார்களா என்பதுதான் விஷயம்.

*4. ஷார்ட் எந்த இடத்தில்?*

டெர்மினலிலேயே ஷார்ட் செய்வதும், நீள ஒயரின் மறுமுனையில் ஷார்ட் செய்வதும் ஒன்றல்ல. 0.5 சதுர மி.மீ செம்பு ஒயர் 10 மீட்டர் ஓடினால், போக வர 20 மீட்டர். அதன் எதிர்ப்பு சுமார் 0.7 ஓம். அந்த ஒயரே கரண்ட்டைக் கொஞ்சம் கட்டுப்படுத்திவிடும். டெர்மினலை ஒட்டி வரும் ஷார்ட்தான் கடினமானது.

*5. ஆம்ப் சூடாக இருக்கிறதா?*

காலையில் கடை திறந்ததும் ஜில்லென்று இருக்கும் ஆம்பில் காட்டுவது ஒன்று. 3 மணி நேரம் பாடிச் சூடேறிய ஆம்பில் காட்டுவது வேறு. ஆம்பின் பவரை அளக்கவே சூடாக்கிப் பார்க்க வேண்டும் என்பது பழைய நடைமுறை. அமெரிக்காவில் 1974-ல் வந்த ஆம்ப்ளிஃபயர் விதி, அளப்பதற்கு முன் மூன்றில் ஒரு பங்கு பவரில் ஒரு மணி நேரம் ஓட்டச் சொன்னது. பிறகு அந்த அளவு குறைக்கப்பட்டாலும், சூடாக்கிய பிறகே அளக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் தெளிவு.

*6. கரண்ட் எங்கிருந்து வருகிறது?*

மெக்கானிக் மேஜைகளில் 'சீரிஸ் பல்பு' இருக்கும். மின்சாரம் ஒரு குண்டு பல்பு வழியாக ஆம்புக்குப் போகும். கோளாறு இருந்தால் பல்பு எரியும், ஆம்ப் பிழைக்கும். ரிப்பேருக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் அதன் வழியாக ஓடும் ஆம்பை ஷார்ட் செய்து காட்டினால், காப்பாற்றியது பல்பா, புரொடெக்‌ஷனா என்று சொல்ல முடியாது. போர்டாக மட்டும் விற்கும் இடங்களில் சின்ன டிரான்ஸ்ஃபார்மரிலோ, கரண்ட் அளவு குறைத்து வைத்த சப்ளையிலோ ஓட்டிக் காட்டினாலும் இதே கதைதான். நீங்கள் வாங்கிப் போய்ப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் போடும்போது முடிவு மாறலாம்.

*7. நீங்கள் வாங்கப்போவது அதே பொருள்தானா?*

டெமோ பீஸ் தாங்கியது என்பதால், அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் பீஸும் தாங்கும் என்று அர்த்தமில்லை. உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர், ஐசி ஒரே தரமா என்பதைப் பொறுத்தது அது. வீடியோ டெமோ என்றால் இன்னும் கவனம் தேவை. ஷார்ட்டுக்கு முன்னும் பின்னும் கட் இருந்தால், பாடுவது அதே ஆம்ப்தான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பொறி பறந்தால் நல்லதா, கெட்டதா?

பொறி என்பது கரண்ட் ஓடியதற்கான அடையாளம். அவ்வளவுதான். பெரிய பொறி வந்தால் 'பலமான ஆம்ப்' என்றும் இல்லை, 'பலமான புரொடெக்‌ஷன்' என்றும் இல்லை. வேகமாக நிறுத்தும் ஆம்பில் பொறி சின்னதாகவோ, கண்ணுக்குத் தெரியாமலோ இருக்கலாம். சிக்னலே இல்லாத ஆம்பிலும் பொறி வராது. ஆகவே பொறியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அது கண்ணுக்கு விருந்து, கணக்குக்கு உதவாது.

டெமோவில் தெரியாத விஷயங்கள்

பிளஸ், மைனஸ் இரண்டையும் சேர்ப்பது ஒரு வகை ஷார்ட் மட்டுமே. கார் ஆம்ப்களிலும் பல கிளாஸ்-டி போர்டுகளிலும் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரிலுமே சிக்னல் இருக்கும், இரண்டில் எதுவும் கிரவுண்ட் கிடையாது. கார் கதவில் ஓடும் ஒயர் உறை கிழிந்து காரின் இரும்பு உடலைத் தொட்டால் அது வேறு வகை ஷார்ட். பேட்டரி பிளஸ்ஸைத் தொட்டால் இன்னொரு வகை. கார் ஆடியோ ஐசி-களின் விவரக் குறிப்புகளில் இந்த மூன்றையும் தனித்தனியாகத்தான் எழுதியிருப்பார்கள். ஒன்றைக் காட்டிவிட்டு மூன்றுக்கும் சேர்த்து "ஒண்ணும் ஆகாது" என்று சொல்ல முடியாது.

அடுத்தது ஓவர்லோடு. 8 ஓம் பாக்ஸ் நான்கைப் பேரலலாகக் கோத்தால் ஆம்புக்குத் தெரிவது 2 ஓம். இது முழு ஷார்ட் இல்லை. சில புரொடெக்‌ஷன்கள் முழு ஷார்ட்டைக் கண்டுபிடிக்கும், ஆனால் இந்த அரைகுறை நிலையைக் கண்டுகொள்ளாது. ஆம்ப் மெல்ல மெல்லக் கொதிக்கும். சவுண்ட் சர்வீஸில் நேரடி ஷார்ட் போலவே இதுவும் ஆம்பைக் கொல்லும் விஷயம்.

தலைகீழ் பிரச்சினையும் உண்டு. ரொம்ப 'சென்சிட்டிவ்' ஆக வைத்த புரொடெக்‌ஷன், ஷார்ட்டே இல்லாமல் பாஸ் அடிக்கும்போதெல்லாம் ஆஃப் ஆகும். கடையில் சின்ன பாக்ஸில் பாடும்போது இது தெரியாது. மேடையில் சப்-வூஃபர் கோத்த பிறகுதான் தெரியும்.

வால்வ் ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள வால்வ் ஆம்ப்களில் ஷார்ட்டைவிட, ஸ்பீக்கரே இல்லாமல் சத்தமாக ஓட்டுவதுதான் பெரிய ஆபத்து. டிரான்சிஸ்டர் ஆம்புக்கான டெமோ கணக்கு அங்கே பொருந்தாது.

'உள்ளே ஒரிஜினல் ஐசி' என்றால் போதுமா?

டிடிஏ 2030, டிடிஏ 7294, எல்எம் 3886 போன்ற பிரபலமான ஆடியோ ஐசி-களில் ஷார்ட் பாதுகாப்பும் வெப்பத் தடையும் சில்லுக்குள்ளேயே இருக்கின்றன. எல்எம் 3886-ல் சில்லின் சூடு 165 டிகிரியைத் தொட்டால் தானாக நின்று, 155-க்கு இறங்கியதும் மறுபடி இயங்கும். சூடு பிறக்கும் அதே சிலிக்கானில் சென்சாரும் இருப்பது இதன் பலம்.

ஆனால் இந்தப் பெயர்களிலும், 2எஸ்சி5200 போன்ற டிரான்சிஸ்டர் பெயர்களிலும் போலிகள் சந்தையில் புழங்குகின்றன. மேலே அச்சிட்ட எண் ஒன்று, உள்ளே இருக்கும் சில்லு வேறு. அதோடு, அசல் ஐசி-யிலும் பாதுகாப்பு என்பது அதற்குச் சொன்ன வோல்ட்டேஜுக்குள், சொன்ன ஹீட் சிங்க்கோடு ஓட்டினால்தான். 'கூடுதல் வாட் வரும்' என்று சப்ளை வோல்ட்டேஜை ஏற்றிவிட்டால் அந்த உத்தரவாதம் இல்லை.

அப்படியானால் நல்ல டெமோ எப்படி இருக்கும்?

இன்ஜினியர்கள் சோதிக்கும்போது ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம் பவர் ரெசிஸ்டர் வைப்பார்கள். பாட்டுக்குப் பதில் ஏற்ற இறக்கம் இல்லாத ஒரே சீரான ஒலி கொடுப்பார்கள். முழு பவருக்குப் பக்கத்தில் ஓட்டி, சூடேறிய பிறகு ஷார்ட் செய்வார்கள். பிறகு அளந்து பார்ப்பார்கள். கடையில் இவ்வளவும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் இவற்றைக் கேட்கலாம்.

* கரண்ட் நேராகச் சுவர் பிளக்கிலிருந்து வரட்டும்
* அரை மணி நேரமாவது சத்தமாக ஓடிய பிறகு காட்டட்டும்
* வால்யூம் ஏற்றிய நிலையில், டெர்மினலிலேயே ஷார்ட் செய்யட்டும்
* குறைந்தது 10 நொடி அப்படியே வைக்கட்டும், இப்படி நான்கைந்து முறை
* இரண்டு சேனலிலும் செய்யட்டும்
* ஷார்ட் இருக்கும்போதே ஆஃப் செய்து, மறுபடி ஆன் செய்து காட்டட்டும்
* ஷார்ட்டை எடுத்ததும் தானாகப் பாடுகிறதா, ஆஃப் செய்து ஆன் செய்ய வேண்டுமா என்று பார்க்க வேண்டும். இரண்டுமே சரியான முறைதான், ஆனால் எது என்று வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்

கடைசியாக மல்டிமீட்டர். டெமோவுக்கு முன்பும் பின்பும், பாட்டை நிறுத்திவிட்டு ஸ்பீக்கர் டெர்மினலில் டி.சி. மில்லிவோல்ட் அளக்கச் சொல்லுங்கள். சாதாரணமாகச் சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருக்கும். டெமோவுக்குப் பிறகு அது வோல்ட் கணக்கில் ஏறியிருந்தால், 'பாடுகிறது' என்றாலும் உள்ளே ஏதோ அடிபட்டிருக்கிறது என்று பொருள்.

இதையெல்லாம் செய்யக் கடைக்காரர் தயங்கினால் அவர் ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்ட வேண்டாம். தன் சரக்கைப் பணயம் வைக்க யாருக்கும் தயக்கம் வரும். ஆனால் அப்போது அந்தச் சின்ன டெமோவுக்கும் சின்ன மதிப்பு மட்டும் கொடுத்தால் போதும்.

பிஐஎஸ் பதிவு இருந்தால் ஷார்ட் தாங்குமா?

இந்தியாவில் மின்னணுப் பொருட்களுக்கான கட்டாயப் பதிவு உத்தரவு 2012-ல் வந்தது. 2,000 வாட் மற்றும் அதற்கு மேல் மின்சாரம் எடுக்கும் ஆம்ப்ளிஃபயர்கள் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பதிவு பெற்ற பொருளில் பிஐஎஸ் பதிவு எண் இருக்கும்.

இது பாதுகாப்புத் தரம். இந்தத் தரச் சோதனைகளில் ஸ்பீக்கர் அவுட்புட்டை ஷார்ட் செய்து பார்ப்பதும் உண்டு. ஆனால் அங்கே பார்ப்பது தீப்பிடிக்கிறதா, ஷாக் அடிக்கும் நிலை வருகிறதா என்பதைத்தான். ஆம்ப் செத்துப்போனாலும் ஆபத்து இல்லாமல் செத்தால் பாஸ். அதாவது அந்த எண் மனிதரைக் காப்பாற்றுவதற்கு. ஆம்ப் பிழைக்கும் என்ற வாக்குறுதி அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதற்காகப் பதிவு எண் தேவையில்லை என்றும் நினைத்துவிடக் கூடாது.

டெமோவைவிட முக்கியம்... பில்லில் என்ன எழுதியிருக்கிறது?

வாயால் சொல்லும் "ஒண்ணும் ஆகாது" நாளைக்கு உதவாது. வாங்கும்போது இரண்டு இடங்களில் பார்க்க வேண்டும்.

ஒன்று, கையேடு. அதில் 'ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு' என்று எழுத்தில் இருக்கிறதா? எத்தனை ஓம் வரை ஸ்பீக்கர் கோக்கலாம் என்று இருக்கிறதா? இரண்டு, வாரண்டி. ஸ்பீக்கர் ஒயர் ஷார்ட்டால் போனால் வாரண்டி உண்டா, இல்லையா? பல வாரண்டி அட்டைகளில் 'தவறான பயன்பாடு' என்று ஒரு வரி இருக்கும். ஷார்ட் அதில் சேருமா என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குவது நல்லது. டெமோவில் துணிச்சலாக ஷார்ட் செய்து காட்டுபவர், அதே துணிச்சலோடு ஒரு வரி எழுதித் தர மறுத்தால் அதுவே ஒரு பதில்.

பிரச்சினை வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வியாபார நோக்கத்துக்கு வாங்குபவரை நுகர்வோர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கியவர் அந்த விலக்கில் வரமாட்டார். ஒற்றை ஆளாகச் சின்ன மைக் செட் நடத்துபவர் 'நான் வியாபாரி, புகார் கொடுக்க முடியாது' என்று ஒதுங்கத் தேவையில்லை. பில்லும் வாரண்டி அட்டையும் கையில் இருக்க வேண்டும். டெமோவை செல்போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தால், கடையில் சொன்ன வார்த்தைக்கு அது பின்னாளில் கை கொடுக்கலாம்.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

வேண்டாம். புரொடெக்‌ஷன் இல்லாத ஆம்ப் என்றால் ஒரே தடவையில் போய்விடும். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 8 ஓமில் 1,000 வாட் தரும் ஆம்பின் அவுட்புட்டில் முழு பவரில் சுமார் 89 வோல்ட் இருக்கும். ஷாக் அடிக்க அது தாராளம். 'ஸ்பீக்கர் ஒயர்தானே' என்று வெறும் கையால் பிடிப்பது பெரிய ஆம்ப்களில் விபரீதம். கடையில் டெமோ பார்க்கும்போதும் ஸ்க்ரூ டிரைவர் கடைக்காரர் கையிலேயே இருக்கட்டும்.

புரொடெக்‌ஷன் இருந்தாலும் பழக்கம் முக்கியம்

சீட் பெல்ட் போட்டிருக்கிறோம் என்பதற்காக யாரும் சுவரில் போய் மோதுவதில்லை. ஷார்ட் புரொடெக்‌ஷனும் அப்படித்தான்.

* ஆம்பை ஆஃப் செய்துவிட்டு ஒயர் கோப்பது, கழற்றுவது
* பிரிந்த இழைகள் வெளியே தெரியாமல் ஒயர் முனையில் லக் போடுவது
* நிகழ்ச்சிக்கு முன் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ஒயரில் ஷார்ட் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்ப்பது
* எத்தனை பாக்ஸ் கோத்தால் எத்தனை ஓம் வரும் என்று கணக்குப் போடுவது
* புரொடெக்‌ஷன் லைட் எரிந்தால் திரும்பத் திரும்ப ஆன் செய்யாமல், முதலில் ஒயரைச் சோதிப்பது

இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு மல்டிமீட்டர் விலைதான்.

சுருக்கமாகச் சொன்னால், ஸ்க்ரூ டிரைவர் டெமோவில் ஆம்ப் போய்விட்டால் அது நிச்சயமாக மோசமான ஆம்ப். போகாவிட்டால், அந்த வால்யூமில், அந்தச் சூட்டில், அந்த அரை நொடியில் போகவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். எந்த வால்யூம், எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு, நான்காவதாக "இதை பில்லில் எழுதித் தருவீங்களா?" என்றும் கேட்டால், பணத்தை எண்ணி வைப்பதற்கு முன்பே பாதி விஷயம் தெரிந்துவிடும்.